கடல் கடந்த சொற்கள் – 9: சபையில் பிறந்த பொருள்

1012-ஆம் ஆண்டு ஏப்ரல் 19, சனிக்கிழமை. லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் ஆற்றங்கரையில், கிரீனிச்சில், டேனியர் படை முகாமிட்டிருக்கிறது. அவர்கள் பிடியில் இருப்பவர் கேன்டர்பரிப் பேராயர் ஆல்ஃபெயா. முந்தைய ஆண்டு செப்டம்பரில் கேன்டர்பரி நகரம் விழுந்தபோது சிறைப்பட்டவர். அவரை விடுவிக்கப் பணம் கேட்கிறார்கள். தனக்காக யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று பேராயரே தடுத்துவிட்டார். அன்று தெற்கிலிருந்து வந்த திராட்சை மது முகாமில் தாராளமாகப் புழங்கியது. வெறியேறிய வீரர்கள் பேராயரைத் தங்கள் சபைக்கு இழுத்துவந்தார்கள். எலும்புகளையும் மாட்டுத் தலைகளையும் அவர்மேல் வீசினார்கள். கடைசியில் ஒருவன் கோடரியின் மழுங்கிய பக்கத்தால் தலையில் ஓங்கி அடித்தான். அதோடு உயிர் பிரிந்தது.

இந்தக் கொலையை ஆங்கிலோ-சாக்சன் ஆண்டேட்டில் பதிவு செய்தவர், 'தங்கள் சபைக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் கொன்றவர்களின் சொல்லையே எழுதினார்: 'ஹஸ்டிங்'. டேனியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ஹூஸ்' என்றால் வீடு, 'திங்' என்றால் சபை. அரசனோ படைத்தலைவனோ தன் வீட்டு ஆட்களையும் மெய்க்காவலர்களையும் மட்டும் கூட்டிப் பேசினால் அது 'ஹூஸ்திங்'. ஊரும் நாடும் திறந்தவெளியில் கூடினால் அது வெறும் 'திங்'.

இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் சம்திங், எனிதிங், நத்திங் என்று ஆரம்ப வகுப்பிலேயே கற்றுக்கொள்ளும் ஆங்கில 'திங்' இதன் உடன்பிறப்புதான். ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், சாமான், விஷயம், சமாச்சாரம் என்று எதையும் சொல்லலாம். மேசையும் திங், மனக்கவலையும் திங். ஆங்கில மொழியின் சொற்களிலேயே இவ்வளவு பரந்த அர்த்தம் கொண்டவை சிலவே. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இங்கிலாந்திலும் இந்தச் சொல் சபையைத்தான் குறித்தது. ஒரு சபை எப்படிச் சாமான் ஆயிற்று? வடகடலுக்கு இந்தப் பக்கம் சபை மறைந்து சாமான் மட்டும் மிஞ்சியிருக்க, அந்தப் பக்கம் இன்றும் நாடாளுமன்றத்துக்கு அதே பெயர் நிலைத்திருப்பது எதனால்?

சென்ற வாரம் டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்களை வைத்து டேனியர் குடியேறிய பகுதிகளைப் பார்த்தோம். ஊர் என்று ஒன்று அமைந்துவிட்டால் எல்லைத் தகராறும் பங்குத் தகராறும் கூடவே வரும். அவற்றைத் தீர்க்க ஓர் இடமும் ஒரு நாளும் வேண்டும். 'திங்' என்ற சொல்லின் வேரிலேயே அந்த நாள் இருக்கிறது.

குறித்த நாள்

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ், ஐஸ்லாந்திக் எல்லாம் ஒரே தாய்மொழியிலிருந்து கிளைத்தவை. எழுத்தில் பதிவாகாத அந்த மூலமொழியில் 'திங்கம்' போல ஒலித்த ஒரு சொல் இருந்ததாக மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்று வழக்கொழிந்துபோன காதிக் மொழியில் 'தீஹ்ஸ்' என்றால் காலம், நேரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள், 'திங்' என்பதன் ஆதி அர்த்தம் குறித்த நேரம், அந்த நேரத்தில் கூடும் கூட்டம் என்றே கொள்கிறார்கள்.

கி.பி. 98 வாக்கில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் 'ஜெர்மானியா' என்ற நூலை எழுதினார். ஜெர்மானியக் குலங்கள் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிக் கூடுவதாக அதில் சொல்கிறார். எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை, காத்திருப்பதிலேயே இரண்டு மூன்று நாள் போய்விடுகிறது என்று குறைப்படுகிறார். ஆயுதத்தோடு உட்காருவார்கள். பூசாரிகள் அமைதி காக்கச் சொல்வார்கள். ஒரு யோசனை பிடிக்காவிட்டால் முணுமுணுப்பு எழும். பிடித்துவிட்டால் ஈட்டிகளை மோதி ஒலி எழுப்புவார்கள். பிற்கால ஸ்காண்டிநேவியச் சபைகளில் ஆயுத ஒலியால் முடிவை ஏற்கும் வழக்கத்தை நாம் மீண்டும் சந்திக்கிறோம்.

இந்தச் சபைக்கு ஒரு தெய்வமும் இருந்தது. அதற்குச் சாட்சி கிடைத்த இடம் பிரிட்டனின் வடக்கே, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதில். அந்த மதிலை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் 3-ஆம் நூற்றாண்டில் காவல் இருந்த படைவீரர்களில் ஒரு பகுதியினர் இன்றைய நெதர்லாந்தின் ட்வெண்டே பகுதியிலிருந்து வந்தவர்கள். பேரரசர் செவெரஸ் அலெக்சாண்டர் ஆட்சியில், அதாவது 222-க்கும் 235-க்கும் இடையில், அவர்கள் நட்ட பலிபீடக் கற்களில் 'மார்ஸ் திங்சஸ்' என்று பொறித்திருக்கிறது. மார்ஸ் ரோமானியப் போர்த் தெய்வம். 'திங்சஸ்' என்ற அடைமொழி அவனைச் சபையின் தெய்வமாக்குகிறது. ரோமானியப் பெயரின் பின்னால் நிற்பவன் ஜெர்மானியரின் டியூ, நார்ஸ் மக்களின் டீர் என்பது பரவலான கருத்து. ஆங்கிலேயரின் டியூஸ்டேயும் டேனியரின் டிர்ஸ்டாகும் அந்தத் தெய்வத்தின் பெயரால் ஆன செவ்வாய்க்கிழமைகள். ஜெர்மானியரின் டீன்ஸ்டாகும் டச்சுக்காரர்களின் டின்ஸ்டாகும் சபையின் பெயரால் ஆன செவ்வாய்க்கிழமைகள்.

கயிற்று வேலி

திங் என்றால் கட்டடம் கிடையாது, புல்வெளிதான். நார்வேயின் மேற்குக் கரையில் கூடிய 'குலத்திங்' எப்படி நடந்தது என்பதை 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எகில் சாகா' என்ற கதைநூல் நுணுக்கமாகக் காட்டுகிறது. சமதரையில் ஹேசல் மரக் கம்புகளை வட்டமாக ஊன்றியிருக்கிறார்கள். கம்புகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. அந்தக் கயிற்றுக்கு 'வேபோன்ட்' என்று பெயர், புனிதக் கட்டு என்று சொல்லலாம். வட்டத்துக்குள் நடுவர்கள் மூன்று மாவட்டங்களிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 36 பேர். கட்சிக்காரர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும்.

அன்றைய வழக்கு சொத்து வழக்கு. தன் மனைவிக்குச் சேர வேண்டிய பரம்பரைச் சொத்தைக் கேட்டுக் கவிஞனும் வீரனுமான எகில் வந்திருக்கிறான். எதிர்க்கட்சிக்காரன் அரசன் எரிக்குக்கும் அரசி குன்ஹில்டுக்கும் வேண்டியவன். எகில் தன் தரப்புச் சாட்சிகளை நிறுத்துகிறான். தீர்ப்பு தங்களுக்கு எதிராகத் திரும்புமோ என்ற நிலையில் அரசி தன் ஆட்களை ஏவுகிறாள். அவர்கள் பாய்ந்து கயிறுகளை அறுக்கிறார்கள், கம்புகளை முறிக்கிறார்கள், நடுவர்களைச் சிதறடிக்கிறார்கள். சபை அத்தோடு கலைந்துபோகிறது.

சாகாவில் வரும் உரையாடல்களை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தக் கயிற்றுக்கு இருந்த மதிப்பு கதைக்காகக் கட்டியது அல்ல. ஒரு குழந்தைகூட அறுத்துவிடக் கூடிய கயிறு அது. மதிலும் காவலும் இல்லாத அந்த வட்டத்தைக் காத்தது, அதைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் மட்டுமே. அரசி அறுத்ததும் அந்த ஒப்பந்தத்தைத்தான்.

அரசன் இல்லாத நாடு

ஐஸ்லாந்தில் 870-களில் நார்வேஜியர் குடியேறத் தொடங்கினார்கள். அறுபது ஆண்டுக்குள் தீவில் ஆள் நிறைந்துவிட்டது. அவர்களுக்கு அரசன் இல்லை. பொதுச் சட்டம் மட்டும் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் அறிஞர் ஆரி எழுதிய 'ஐஸ்லாந்தியர் நூல்' இந்த நிகழ்வுகளைச் சொல்கிறது. உல்ஃப்ல்யோட் என்பவர் நார்வே சென்று, குலத்திங் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். அவருடைய வளர்ப்புச் சகோதரர் கிரிம், சபை கூடத் தகுந்த இடம் தேடி நாடு முழுக்கச் சுற்றினார். அதற்காக மக்கள் ஆளுக்கு ஒரு காசு கொடுத்தார்கள். அவர் அதைக் கோயில்களுக்கே கொடுத்துவிட்டார்.

தேர்ந்தெடுத்த இடத்தின் பெயர் திங்வெல்லிர், அதாவது சபை வெளி. 930 வாக்கில் அங்கே நாடு முழுமைக்குமான சபை கூடியது. அதற்கு அல்திங் என்று பெயர். அந்த நிலத்தின் சொந்தக்காரன் ஒரு கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தான், நிலம் பொதுச் சொத்தாகியிருந்தது. இடமும் விசேஷமானது. வட அமெரிக்கக் கண்டத் தட்டும் யுரேசியத் தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கும் பிளவுப் பள்ளத்தாக்கு அது. ஒரு பக்கம் நெடுஞ்சுவர் போல நிற்கும் எரிமலைப் பாறை. சட்டப்பாறை என்று பெயர் பெற்ற மேட்டில் நின்று பேசினால், கீழே திரண்ட கூட்டத்துக்குக் கேட்கும். 2004-இல் யுனெஸ்கோ இந்த வெளியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் சபை கூடியது. கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய தாழ்ந்த சுவர்களின்மேல் துணிக்கூரை போட்டுக்கொண்டு தங்கினார்கள். வழக்கு பேசினார்கள், கல்யாணம் பேசினார்கள், வியாபாரம் பேசினார்கள். அன்று சட்டம் எழுத்தில் இல்லை. 'சட்டம் சொல்பவர்' என்ற பதவியில் இருந்தவரின் நினைவில் இருந்தது. அவருக்குப் பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காகச் சட்டம் முழுவதையும் சபைமுன் வாய்விட்டுச் சொல்லி முடிக்க வேண்டும். அவர் விட்டுவிட்டதைக் கேட்பவர் எடுத்துச் சொல்லலாம். நாட்டின் சட்டம் ஒருவர் நாவிலும் நூற்றுக்கணக்கானவர் காதிலும் வாழ்ந்தது. 1117-ஆம் ஆண்டு குளிர்காலத்தில்தான் அதை எழுதத் தொடங்கினார்கள்.

இந்தச் சபையின் மிகப் பெரிய சோதனை 1000-ஆம் ஆண்டையொட்டி வந்தது. தீவில் ஒரு சாரார் கிறிஸ்தவம் தழுவியிருந்தார்கள், மறு சாரார் பழைய தெய்வங்களை விடவில்லை. இரண்டு கட்சியும் ஒருவர் சட்டத்துக்கு மற்றவர் கட்டுப்பட மாட்டோம் என்று சபையிலேயே அறிவித்துவிட்டன. உள்நாட்டுப் போர் வாசலுக்கு வந்துவிட்டது. முடிவை சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் விட்டார்கள். அவர் பழைய மதத்தைச் சேர்ந்தவர். தன் தங்குமிடத்துக்குப் போய், மேலங்கியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். அன்று பகலும் இரவும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை எழுந்து சட்டப்பாறைக்கு எல்லோரையும் அழைத்தார். சட்டம் இரண்டானால் சமாதானமும் இரண்டாகக் கிழியும் என்பது அவர் வாதம். எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கூடவே குழந்தைகளை வெளியில் கைவிடும் பழைய வழக்கத்துக்கும், குதிரை இறைச்சி உண்பதற்கும், மறைவாகச் செய்யும் பலிக்கும் அப்போதைக்கு இடம் விட்டார். சில ஆண்டுகளில் அந்த விலக்குகளும் நீக்கப்பட்டன.

தன் மதத்துக்கு எதிராக ஒருவர் சொன்ன தீர்ப்பை நாடு ஏற்றுக்கொண்டது. அண்டை நாடான நார்வேயில் மதமாற்றம் அரசர்களின் வாளால் நடந்துகொண்டிருந்த காலம் அது. சபை என்ற அமைப்பின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சான்றை நான் படித்ததில்லை.

அதற்காக இதைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. சபையில் குரல் சுதந்திர ஆண்களுக்குத்தான். அடிமைகளுக்கு இடமில்லை, பெண்கள் தாங்களாக வழக்காட முடியாது. 'கோதி' எனப்பட்ட தலைவர்களின் பின்னால் ஆள்பலம் திரட்டிக்கொண்டு வந்தவன் வழக்கை ஜெயிப்பதும் உண்டு. தீர்ப்பு வந்தபின் அதை நிறைவேற்ற அரசு இல்லை, ஜெயித்தவனே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். பெரிய குடும்பங்களின் பகை முற்றி 1262-இல் ஐஸ்லாந்து நார்வே அரசனுக்கு அடங்க நேர்ந்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

சபை எப்படிச் சாமான் ஆயிற்று

இப்போது சொல்லுக்கு வருவோம். 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கென்ட் நாட்டை ஆண்ட ஹ்லோத்ஹெரே, எட்ரிக் ஆகிய அரசர்களின் சட்டத்தில், ஒருவன்மேல் இன்னொருவன் வழக்குத் தொடுக்கும் இடமாக 'திங்' வருகிறது. இங்கிலாந்தில் டேனியர் காலடி படுவதற்கு நூறாண்டுக்கும் முந்தைய சான்று இது. ஆகவே திங் நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கிய சொல் அல்ல, இருவருக்கும் பொதுவான பூர்வீகச் சொத்து. கடனாக வந்தது ஹஸ்டிங் மட்டுமே. பழைய ஆங்கிலத்தில் 'திங்கியன்' என்றால் பரிந்து பேசுதல், சமரசம் செய்தல். 'திங்கெரே' என்றால் இன்னொருவருக்காகப் பேசுபவர், வக்கீல்.

சபையில் எடுத்துக்கொண்ட வழக்கும் 'திங்' ஆனது. பிறகு சபைக்கு வராத எந்த விவகாரமும் 'திங்' ஆனது. விவகாரம் என்று ஆனபின், பேச்சில் எடுத்துக்கொள்ளக்கூடிய எதுவும் திங். கடைசியில் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருளும் திங். ஒவ்வொரு அடியும் சின்ன அடிதான். முதல் அடியையும் கடைசி அடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தூரம் தெரிகிறது.

ஐரோப்பாவின் தென்பகுதி மொழிகளும் இதே வழியில் நடந்திருக்கின்றன. லத்தீனில் 'காவ்ஸா' என்றால் காரணம், நீதிமன்ற வழக்கு. அதிலிருந்து பிறந்த இத்தாலிய, ஸ்பானிய 'கோஸா'வுக்கும் பிரெஞ்சு 'ஷோஸ்' என்ற சொல்லுக்கும் அர்த்தம் வெறும் பொருள், சாமான். பழைய ஆங்கிலத்தில் 'சாகு' என்றால் தகராறு, வழக்கு. இன்று 'உனக்காக' என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் போடும் 'சேக்' அதன் வாரிசு. அதன் ஜெர்மன் உறவான 'சாகே' பொருள், விஷயம் என்று மாறிவிட்டது. நார்வேஜியனிலும் டேனிஷிலும் 'சாக்' இன்றைக்கும் வழக்குதான். இத்தனை மொழிகளில் ஒரே தடம் தெரிவது தற்செயல் அல்ல. மனிதர்கள் ஒன்றைப் பற்றி முதலில் முட்டி மோதிப் பேசியிருக்கிறார்கள், அப்புறம்தான் அதற்குப் 'பொருள்' என்ற அமைதியான பெயர் கிடைத்திருக்கிறது.

ஜெர்மன் மொழியில் 'டிங்' பொருளாகிவிட்டாலும், சபையின் தழும்பு மற்றச் சொற்களில் இருக்கிறது. 'ஃபெர்டைடிகன்' என்றால் பாதுகாத்தல், எதிர்வாதம் செய்தல். 'நாள்', 'சபை' இரண்டும் ஒட்டிய பழைய 'டாகெடிங்' அதன் உள்ளே ஒளிந்திருக்கிறது. டச்சு மொழியில் வழக்குக்கு இன்றும் 'கெடிங்' என்று பெயர். 1950-இல் தத்துவஞானி மார்ட்டின் ஹைடெகர் 'டிங்' பற்றி ஆற்றிய உரையில், ஒரு பொருள் என்பது தன்னைச் சுற்றிக் கூட்டுவது என்ற எண்ணத்தை இந்தப் பழைய சபையிலிருந்தே எடுத்தார்.

மண்ணில் நிலைத்த பெயர்கள்

இங்கிலாந்தில் சபை என்ற அர்த்தம் ஏன் நிலைக்கவில்லை? சபைக்கு ஆங்கிலேயர் 'கெமோட்' என்ற இன்னொரு சொல்லையும் வைத்திருந்தார்கள், அது முந்திக்கொண்டது. நம் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் நடத்தும் 'மூட் கோர்ட்' அந்தக் கெமோட்டின் வழிவந்தது. 1066-க்குப் பிறகு நார்மானியர் ஆட்சியில் பிரெஞ்சிலிருந்து 'பார்லிமென்ட்' வந்து மேலே உட்கார்ந்தது. சபையை இழந்த திங், விவகாரத்தையும் சாமானையும் வைத்துக்கொண்டு பிழைத்தது.

ஆனால் நார்ஸ் மக்கள் குடியேறிய இடங்களில் பழைய அர்த்தம் மண்ணில் பதிந்து கிடக்கிறது. ஷெட்லண்ட் தீவின் டிங்வாலில், ஏரிக்குள் நீண்டு கிடக்கும் சிறு திட்டு ஒன்றுக்கு 'லா டிங் ஹோம்' என்று பெயர். முன்பு தீவாக இருந்து, கல்பாவிய வழியால் கரையோடு இணைந்திருந்த அந்தத் திட்டில் ஷெட்லண்டின் சபை கூடியது. ஸ்காட்லாந்துப் பெருநிலத்தில் உள்ள இன்னொரு டிங்வாலும் லிவர்பூலை ஒட்டிய திங்வாலும் 'திங்வெல்லிர்' என்ற அதே பெயரின் வடிவங்கள். ஸ்காட்லாந்து டிங்வாலில் சபை மேடு இருந்த இடம் இன்று கார் நிறுத்துமிடம், அகழாய்வுதான் அடையாளம் காட்டியது. ராபின் ஹுட் கதைகளால் பெயர்பெற்ற ஷெர்வுட் காட்டில் 'தின்கோ' என்ற சபைமேடு யாருக்கும் நினைவில்லாமல் புதைந்திருந்தது. 1816-ஆம் ஆண்டின் எல்லை நடைப் பதிவு ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளூர் ஆர்வலர்கள் 2005 வாக்கில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

மேன் தீவில் மட்டும் சபை உயிரோடு இருக்கிறது. தீவின் நாடாளுமன்றத்தின் பெயர் டின்வால்ட், அதுவும் 'திங்வெல்லிர்'தான். ஆண்டுதோறும் ஜூலை 5 அன்று செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில், நான்கு அடுக்காக எழுந்த புல்மேட்டில் சபை திறந்தவெளியில் கூடுகிறது. அந்த ஆண்டு இயற்றிய சட்டங்களின் சுருக்கத்தை மேங்க்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் மக்கள்முன் வாசிக்கிறார்கள். 18 மாதத்துக்குள் அந்த மேட்டில் அறிவிக்காத சட்டம் செல்லாமல் போய்விடும். குறை உள்ள எந்தக் குடிமகனும் அன்று மேட்டின் அடிவாரத்துக்கு வந்து மனுக் கொடுக்கலாம். ஐஸ்லாந்தில் சட்டம் சொல்பவர் பாறைமேல் நின்று செய்த வேலை அங்கே இன்னும் நடக்கிறது.

பேராயர் கொலையுண்ட அந்த 'ஹஸ்டிங்' என்ற சொல்லுக்கும் ஒரு மறுவாழ்வு கிடைத்தது. லண்டன் நகரத்தின் மிகப் பழைய நீதிமன்றம் அந்தப் பெயரைத் தாங்கியது. 1258 முதல் 1688 வரை லண்டன்வாசிகளின் உயில்கள் அந்த ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. நகர மண்டபமான கில்ட்ஹாலில் மேயரும் ஆல்டர்மேன்களும் உட்கார்ந்த மேடைக்கு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டில், தேர்தல் வேட்பாளர்கள் ஏறி நின்று பேசும் மரமேடை 'ஹஸ்டிங்ஸ்' ஆனது. வாக்காளர்கள் ஊரறிய வாய்விட்டு ஓட்டுச் சொன்ன காலம் அது. 1872-இல் இரகசிய வாக்குச் சட்டம் வந்து அந்த மேடையை அகற்றியது. ஆனாலும் வேட்பாளர்களை உட்காரவைத்து வாக்காளர்கள் கேள்வி கேட்கும் கூட்டங்களுக்கு பிரிட்டனில் இன்றும் ஹஸ்டிங்ஸ் என்றே பெயர். தலைவனின் வீட்டு ஆட்கள் மட்டும் கூடிய சபை, தலைவராக விரும்புபவரை ஊர் விசாரிக்கும் சபையாகியிருக்கிறது.

அக்கரையில்

கடலுக்கு அப்பால் திங் இரண்டு அர்த்தத்தையும் விடவில்லை. டேனிஷிலும் நார்வேஜியனிலும் இன்றும் 'டிங்' என்றால் பொருளும் உண்டு, சபையும் உண்டு. இலக்கணப் பால் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. 'என் டிங்' என்றால் ஒரு பொருள், 'எட் டிங்' என்றால் ஒரு சபை. முன்னால் வரும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஐஸ்லாந்து மக்களோ சபைக்கே 'திங்' என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, சாமானுக்கு 'ஹ்லுதூர்' என்ற வேறு சொல்லைப் புழங்குகிறார்கள்.

இதற்கு முக்கியக் காரணம் அந்த நாடுகளில் சபை பெரும்பாலும் தொடர்ந்து கூடியதுதான். நார்வே 1380-இல் டென்மார்க்கோடு இணைந்து, நானூறு ஆண்டுக்கும் மேல் டேனிஷ் முடியின்கீழ் இருந்தது. மேலே அதிகாரம் போனாலும் கீழே மாவட்டச் சபைகள் 'டிங்' என்ற பெயரிலேயே நீதிமன்றங்களாக இயங்கின. நிலம் கைமாறினால் அங்கேதான் ஊரறிய வாசித்தார்கள். டென்மார்க்கிலும் நார்வேயிலும் இன்று சொத்துப் பத்திரத்தைக் கணினியில் பதிவு செய்தாலும் அதற்குப் பெயர் 'டிங்லீஸ்னிங்', சபையில் அறிவித்தல். 1814-இல் எய்ட்ஸ்வோலில் கூடிய 112 பேர் நார்வேக்கு எழுதிய அரசியல் சட்டம் மே 17 அன்று கையெழுத்தானது. நாடாளுமன்றத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸ்டோர்டிங்', பெருஞ்சபை. அந்தப் பெயரை எந்த விவசாயிக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எகில் வழக்காடிய குலத்திங்கின் பெயர் இன்று பெர்கனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெயர். டென்மார்க் 1849-இல் அரசியல் சட்டம் பெற்றபோது 'ஃபோல்கெடிங்' வந்தது, மக்கள் சபை. ஃபாரோ தீவுகளில் 'லோக்டிங்', ஓலண்டில் 'லாக்டிங்'. ஸ்வீடனில் நாடாளுமன்றத்துக்கு வேறு பெயர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் 'டிங்ஸ்ரெட்'. வடக்கே சாமி மக்கள் தங்கள் நாடாளுமன்றத்தை 'சாமெடிக்கி' என்கிறார்கள். வேறு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த அவர்களும் 'டிக்கி'யை அண்டை வீட்டு 'டிங்'கிலிருந்தே பெற்றார்கள்.

ஐஸ்லாந்தின் அனுபவம் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுகிறது. டேனிஷ் அரசு 1800-இல் அல்திங்கைக் கலைத்தது. சபை போனது, ஆனால் பெயரை யாரும் கலைக்க முடியவில்லை. 1843-இல் அதை மீட்க அரச ஆணை வந்தது, 1845-இல் ரெய்க்யாவிக்கில் அல்திங் மீண்டும் கூடியது. பழைய சபை வெளியிலேயே கூட வேண்டும் என்று கவிஞர்கள் வாதிட்டார்கள், நகரமே நடைமுறைக்கு ஏற்றது என்று விடுதலைத் தலைவர் யோன் சிகுர்ட்ஸன் வாதிட்டார். எங்கே கூடுவது என்பதில் சண்டை இருந்தது. எதைக் கூட்டுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நாடு 1944 ஜூன் 17 அன்று குடியரசானபோது அந்த அறிவிப்பை திங்வெல்லிரில் செய்தார்கள்.

ஒரு சொல்லின் அர்த்தத்தை அகராதி காப்பாற்றுவதில்லை என்பதற்கு திங் நல்ல சாட்சி. மக்கள் குறித்த நாளில் கூடித் தங்கள் விவகாரத்தைத் தாங்களே பேசித் தீர்த்த நாடுகளில் சபை என்ற அர்த்தம் நிலைத்தது. கூடுவதை வேறு பெயருக்கும் வேறு அதிகாரத்துக்கும் விட்டுக்கொடுத்த நாட்டில் சொல்லின் கையில் சாமான் மட்டும் மிஞ்சியது. அரசியல் உரிமைகளைக் குறிக்கும் எந்தச் சொல்லுக்கும் இது பொருந்தும். பயன்படுத்துகிறவர்கள் இருக்கும்வரைதான் அதற்கு முழு அர்த்தம் இருக்கும்.

சபை கூடியாயிற்று. அங்கே பேசித் தீர்த்ததை நார்ஸ் மக்கள் 'கீழே வைத்தது', 'நிலைநிறுத்தியது' என்ற அர்த்தத்தில் 'லாகு' என்று அழைத்தார்கள். ஆங்கிலேயர் தங்களிடம் இருந்த சொல்லை விட்டுவிட்டு, படையெடுத்து வந்தவர்களின் இந்தச் சொல்லைத் தங்கள் சட்டத்துக்குப் பெயராக ஏற்றார்கள். தோற்கடிக்க வந்தவர்களிடமிருந்து நீதியின் சொல்லை வாங்கிக்கொண்ட அந்தக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)